எடிட்டில் பார்த்துக்கொள்ள முடியாது

கல்யாண மண்டபமோ குறும்படப் படப்பிடிப்போ, டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குப் பின்னால் நிற்பவரிடமிருந்து ஒரு வாக்கியம் தவறாமல் வருகிறது: “விடுங்கண்ணே, எடிட்ல பாத்துக்கலாம்.” மணப்பெண்ணின் புடவைக் கரையில் வானவில் வளையங்கள் நெளிகின்றனவா? எடிட்டில் பார்த்துக்கலாம். மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி திரையில் கருங்கோடுகள் ஏறி இறங்குகின்றனவா? அதையும் பார்த்துக்கலாம். அவசரத்தில் வாயில் வரும் சமாளிப்பு என்றால் விட்டுவிடலாம். ஆனால் இது இன்று ஒரு கொள்கையாகிவிட்டது. புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இதையே பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கோளாறுக்கு அடியில் நல்ல படம் பத்திரமாக இருக்கிறது, சரியான மென்பொருளும் பொறுமையான எடிட்டரும் கிடைத்தால் அதை மீட்டுவிடலாம் என்பது அந்தக் கொள்கை.

அடியில் அப்படி ஒரு படம் கிடையாது. நான் எடிட் மேசையில் உட்காருகிறவன். என்னிடம் வரும் ஃபுட்டேஜில் இருப்பதைக் கூட்டலாம், குறைக்கலாம், நகர்த்தலாம். கேமரா பதியாமல் விட்டதை என்னால் வரவழைக்க முடியாது.

ஏன் என்று புரிய, இந்தக் கேமராக்கள் எப்படி வீடியோ எடுக்கத் தொடங்கின என்று பார்க்க வேண்டும். 2008ஆம் ஆண்டு நிக்கான் டி90 வந்தது. சில வாரங்களில் கேனன் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. பெரிய சென்சார், மங்கலான பின்னணி, சினிமா கேமராவோடு ஒப்பிட்டால் கைக்கு எட்டும் விலை. உலகம் முழுக்கச் சின்னப் படக்காரர்களும் கல்யாண வீடியோக்காரர்களும் அதன் பக்கம் சாய்ந்தார்கள், நியாயமாகத்தான் சாய்ந்தார்கள். ஆனால் அந்த 5டி ஸ்டில் கேமரா. அதன் சென்சாரில் சுமார் 2 கோடியே 10 லட்சம் புள்ளிகள். முழு எச்டி வீடியோவின் ஒரு ஃப்ரேமுக்கு வேண்டியது சுமார் 20 லட்சம். நொடிக்கு 30 முறை அத்தனை புள்ளிகளையும் படித்து, ஒழுங்காகச் சுருக்கி எழுதும் வேகம் அன்றைய கேமராவுக்கு இல்லை. அதனால் சென்சாரின் வரிசைகளில் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்றை மட்டும் படித்துவிட்டு மற்றவற்றைத் தாண்டிப் போனது. அதன் பிறகு வந்த பல மாடல்களும் அதே வழியில் போயின.

தாண்டிப் போன வரிசைகளில் விழுந்த ஒளி எந்த ஃபைலிலும் இல்லை. விஷயத்தின் மையம் இதுதான்.

1080 வரிசைகள் உள்ள படத்தில் அதிகபட்சம் 540 ஜோடி இருள்-ஒளிக் கோடுகளைத்தான் காட்ட முடியும். இது மாதிரியெடுத்தலின் அடிப்படைக் கணக்கு. நைக்விஸ்ட் பெயரால் பொறியியல் மாணவர்கள் எல்லோரும் படிப்பது. அதைவிட நுணுக்கமான கோடுகள் லென்ஸ் வழியாக வந்தால் அவை சும்மா மறைந்துபோவதில்லை. அகலமான, இல்லாத கோடுகளாக வேடம் மாறி வருகின்றன. கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடித்தால், எந்த மடிப்பிலும் இல்லாத அலைகள் தெரியுமே, அதேதான். துணியின் நெசவு ஒரு வலை, சென்சாரின் வரிசைகள் இன்னொரு வலை. சென்சாருக்கு மேல் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி வடிகட்டி இருப்பதால், சிவப்புக்கும் பச்சைக்கும் நீலத்துக்கும் அலை வெவ்வேறு இடத்தில் விழுந்து வானவில்லாகிறது. இதைத் தொழிலில் மொய்ரே என்கிறோம்.

சென்சாருக்கு முன்னால் நுண்கோடுகளைக் கொஞ்சம் மழுக்கும் கண்ணாடித் தகடு ஒன்று உண்டு. ஆனால் அது ஸ்டில் படத்தின் 2 கோடிப் புள்ளிகளுக்கு அளந்து வைத்தது. வீடியோவுக்கு அதைப்போல மூன்று மடங்கு மழுக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஸ்டில் படம் கெட்டுவிடும். 2012இல் நிக்கான் டி800இ-யில் தொடங்கி, ஸ்டில் கூர்மைக்காக அந்தத் தகட்டின் வேலையையே நீக்கிய கேமராக்கள் வரிசையாக வந்தன. ஆல்பத்துக்கு நல்லது. வீடியோவுக்கு நேர் எதிர். இரண்டுக்கும் ஒரே கேமரா வாங்குபவரிடம் இதை யாரும் சொல்வதில்லை.

“நாய்ஸை எடுக்கிறோமே, மொய்ரேயை ஏன் எடுக்க முடியாது?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. நாய்ஸ் எனும் மொய்க்கும் புள்ளிகள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும். ஒரு இடத்தில் இந்த ஃப்ரேமில் வெளுப்பாக விழுந்தது அடுத்த ஃப்ரேமில் கறுப்பாக விழும். பல ஃப்ரேம்களை ஒப்பிட்டால் எது மாறாமல் நிற்கிறதோ அதுதான் காட்சி என்று மென்பொருள் கண்டுபிடித்துவிடும். மொய்ரே அப்படியில்லை. அது ஒழுங்கான வடிவம், தொடர்ந்து நிற்கும், புடவை அசைந்தால் தானும் வழுக்கிக்கொண்டு போகும். ஃபைலுக்குள் அதுவும் கோடு, புடவையின் கட்டமும் கோடு. இது பொய், இது மெய் என்று பிரித்துக்காட்டும் அடையாளம் எண்களில் எங்கும் இல்லை. அந்த அடையாளத்தைத் தந்திருக்கக்கூடிய வரிசைகளைத்தான் கேமரா படிக்காமல் விட்டது.

சரி, எடிட்டில் உண்மையில் என்ன செய்கிறோம்? சின்னக் கட்டம் போட்ட பட்டுப்புடவையில் ஒரு அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கட்டங்களின் மேல் பச்சையும் ஊதாவுமாக வளையங்கள் ஓடுகின்றன. புடவையைச் சுற்றி மாஸ்க் வரைந்து, ஆள் அசைய அசைய அதை ட்ராக் செய்து, அந்தப் பகுதியில் வண்ணத்தை மட்டும் மங்கலாக்குகிறோம். வானவில் போய்விடும். கூடவே அரக்குக் கட்டத்துக்கும் மஞ்சள் கட்டத்துக்கும் நடுவில் இருந்த வண்ண வித்தியாசமும் போய், புடவை ஒரே பழுப்பாகிவிடும். ஜரிகையின் பொன்னிறம் பக்கத்துத் துணியில் கசிந்து நிற்கும். வெளிச்சத்தில் ஓடும் அலை அப்போதும் போகாது; அதை எடுக்க வேண்டுமானால் துணியையே மழுக்க வேண்டும். அவர் கை உயர்த்தி அட்சதை போடும்போது மாஸ்க் கழன்றுவிடும். அங்கிருந்து ஃப்ரேம் ஃப்ரேமாகக் கையால் வரைய வேண்டும். இவ்வளவு செய்த பிறகு கிடைப்பது அந்தப் புடவையே இல்லை. கடையில் அரைநாள் உட்கார்ந்து அதைத் தேர்ந்தெடுத்தவர் பார்த்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

இங்கே சினிமாவைச் சாட்சிக்கு அழைப்பார்கள். ஹாலிவுட்டில் ‘ஆக்ட் ஆஃப் வேலர்’ பெரும்பாலும் 5டியில் எடுத்த படம். ‘ஹவுஸ்’ தொடரின் ஆறாம் பருவத்தின் கடைசி அத்தியாயம் 2010இல் அதே கேமராவில் எடுத்து ஒளிபரப்பானது. நம் ஊரில் பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ 2012இல் ஸ்டில் கேமராவில் எடுத்துத் திரையரங்குக்கு வந்தது; ஒளிப்பதிவு விஜய் மில்டன். அவர்களால் முடிந்தது, நம்மால் ஏன் முடியாது என்பது வாதம். அந்த உதாரணங்கள் என் பக்கம் நிற்பவை. சினிமாவில் நடிகரின் சட்டை எது, பின்சுவர் எது, ஆள் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், எந்த லென்ஸ் என்பதை கேமரா ஓடுவதற்கு முன்பே முடிவு செய்ய ஆள் இருக்கிறார். அபர்ச்சரைத் திறந்து பின்னணியை மங்கலாக்கினால் அங்கிருக்கும் ஓட்டுக்கூரையும் கம்பி வலையும் நுண்கோடுகளாகச் சென்சாருக்கு வந்து சேராது. வராத கோடு அலையாகவும் மாறாது. இதெல்லாம் எடிட் அறைக்கு வெளியே நடக்கும் வேலை.

வண்ணத்துக்கு வருகிறேன். அந்தக் கேமராக்கள் பதிவது பெரும்பாலும் எட்டு பிட் எச்.264 ஃபைல். ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான். வண்ணத் தகவலும் முழு அளவில் இல்லை: வெளிச்சம் 1920க்கு 1080 என்றால், வண்ணம் 960க்கு 540. அதாவது நாலு புள்ளிக்கு ஒரு வண்ணம். இதன் விளைவை அதிகம் அனுபவிப்பது சிவப்பு, நம் கல்யாணங்களில் சிவப்பில்லாத ஃப்ரேம் அரிது. சிவப்பில் வெளிச்ச மதிப்பு குறைவு. விளிம்பைக் காட்டும் பொறுப்பு பெரும்பாலும் வண்ணத்தின் மேல் விழுகிறது. அதுவோ கால்வாசிதான் இருக்கிறது. கூறைப்புடவையின் தோள்பட்டை விளிம்பை இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள், படிக்கட்டு தெரியும். “ஃபைலை ப்ரோரெஸ் ஃபார்மட்டுக்கு மாத்திட்டு எடிட் பண்ணா குவாலிட்டி ஏறும்” என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஃபைலின் அளவு ஏறும், டைம்லைன் தடங்கலில்லாமல் ஓடும். எழுதாத வண்ணம் வந்து சேராது.

இந்த எட்டு பிட்டில்தான் “ஃப்ளாட்டா எடு, பின்னாடி கான்ட்ராஸ்ட் ஏத்திக்கலாம்” என்ற அறிவுரையைப் பொருத்தினார்கள். 2011இல் டெக்னிகலர் நிறுவனம் கேனனுக்காக சினிஸ்டைல் என்ற ஃப்ளாட் ப்ரொஃபைலை இலவசமாகக் கொடுத்ததும் அது வேதமாகிவிட்டது. வெயிலும் நிழலும் சேர்ந்த காட்சியில் அதற்கு ஒரு பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மண்டபத்துக்குள், சமமான விளக்கொளியில், எதற்கு? இருக்கும் 256 படிகளில் முகத்தின் நிறம் முழுவதும் நடுவில் சிலவற்றுக்குள் நசுங்கிவிடுகிறது. எடிட்டில் அதை இழுத்து விரித்தால் படிகளுக்கு நடுவில் இடைவெளி விழுகிறது. வரவேற்பு மேடையில் ஊதாவிலிருந்து நீலத்துக்கு மெல்ல மாறும் விளக்கொளி, நிலவரைபடத்தின் உயரக்கோடுகள் போலப் பட்டை பட்டையாகிறது. அதன் மேல் மெல்லிய கிரெயின் தூவி மறைப்பேன். அது வேலை செய்யும். பிறகு அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் போகும், வாட்ஸ்அப் கிரெயினை அழிக்கும், பட்டைகள் திரும்ப வந்து நிற்கும். கேமராவில் ஷார்ப்னஸைப் பூஜ்யத்துக்கு இறக்கி, கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் குறைத்து, கடைசியில் எப்படித் தெரிய வேண்டுமோ அதற்கு நெருக்கமாக எக்ஸ்போஸ் செய்து கொடுத்தாலே இந்தச் சுற்றுவழி வேண்டாம்.

நாய்ஸை எடுக்கலாம் என்று மேலே ஒப்புக்கொண்டேன். அதற்கும் விலை உண்டு. பின் இருக்கைகளில் விளக்கு குறைவு. ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றி எடுத்த கிளிப். மென்பொருளைப் போட்டதும் படம் வழவழவென்று அமைதியாகிறது. ஆனால் மாறாமல் நிற்பதுதான் காட்சி என்று நம்பும் அந்த மென்பொருளுக்கு, பாட்டியின் மூக்குத்திக் கல் தலை அசையும்போது ஒரே ஒரு ஃப்ரேமில் மின்னுவதும் நாய்ஸாகத்தான் தெரியும். மின்னல் போய்விடும். கன்னத்துச் சுருக்கங்களும் பாதி போய்விடும். அந்தக் குடும்பம் பத்து வருஷம் கழித்து அந்த முகத்தைத் தேடித்தான் இந்த வீடியோவைப் போடும். அன்று பார்க்கக் கிடைப்பது மெழுகு முகம். பின்வரிசைப் பக்கம் ஒரே ஒரு எல்இடி பேனலை வைத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

விளக்கு ஆடும் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பெரும்பகுதிக்குத் தீர்வு ஒரே திருகலில் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்சாரத்தோடு துடிக்கும் ட்யூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் முழுத் துடிப்புகள் விழும், ஒளி சமமாக இருக்கும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அங்கே உட்கார்ந்து எடுத்த பாடங்களைப் பார்த்துவிட்டு, ஸ்லோமோஷனுக்காகக் கேமராவை என்டிஎஸ்சிக்கு மாற்றி, 60 ஃப்ரேம், 1/125 என்று வைக்கிறார்கள். படம் முழுக்கப் பட்டைகள் ஓடுகின்றன. பிஏஎல் முறையில் 50 ஃப்ரேம், 1/100 வைத்தால் முடிந்தது. பெரிய எல்இடி திரைகள் மட்டும் மின்சாரத்தின் கணக்குக்குக் கட்டுப்படாது. அவற்றின் துடிப்பு தனி. அதற்கு ஷட்டரை ஒவ்வொரு படியாக மாற்றிப் பார்ப்பதும், திரைக்காரரிடம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கச் சொல்வதும்தான் வழி. ஃப்ரேம் முழுக்க ஒரே சீராக மினுக்கினால் எடிட்டில் ஓரளவு சமன் செய்யலாம். பட்டையாக ஓடினால், அதுவும் ஆட்கள் அதைக் கடந்து நடந்தால், முடியாது.

ரோலிங் ஷட்டர் இன்னொன்று. சென்சார் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கிறது. பழைய டிஎஸ்எல்ஆர்களில் அதற்கு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு நேரம் ஆகிறது. அதற்குள் கேமரா திரும்பினால் தூண்கள் சாய்கின்றன, கை நடுங்கினால் படமே கூழாக ஆடுகிறது. மாப்பிள்ளை அழைப்பில் பட்டப்பகல் வெயில், அபர்ச்சரையும் திறந்து வைக்க வேண்டும். ஒளியை வெட்ட என்டி ஃபில்டர் இல்லை. ஷட்டரை 1/2000க்கு ஏற்றுகிறார்கள். தவில் குச்சி வளைந்து, கத்தி போன்ற கூர்மையோடு பதிகிறது. நடையின் ஒவ்வொரு அதிர்வும் அப்படியே கூர்மையாக வருகிறது. “வார்ப் ஸ்டெபிலைசர் போட்டுக்கோங்க.” அது ஃப்ரேமை நிலைநிறுத்தப் பின்னணியை ரப்பராக இழுக்கும். கோபுரம் மூச்சு விடும். சாதாரண ஒரு என்டி ஃபில்டர் போட்டு 1/50இல் எடுத்திருந்தால் குச்சி இயல்பாக மங்கி அடித்திருக்கும்.

முகூர்த்தத்தில் ஃப்ளாஷ் விழுவது மட்டும் வீடியோக்காரரின் கையில் இல்லை. ஃப்ளாஷ் எரிவது பெரும்பாலும் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். சென்சார் படிக்கும் நேரம் அதைவிடப் பல மடங்கு. அதனால் ஒரு ஃப்ரேமின் கீழ்ப்பாதியும் அடுத்த ஃப்ரேமின் மேல்பாதியும் வெளுக்கும். இதற்குப் பக்கத்து ஃப்ரேம்களை வைத்து புது ஃப்ரேம் செய்து செருகும் பிளக்-இன்கள் உண்டு. தாலி முடிச்சு விழும் இடத்தில் நான் அதைப் போடுவதில்லை. மூன்றாவது முடிச்சைப் போடும் நாத்தனாரின் விரல்கள் வேகமாக அசையும்போது அந்தப் புது ஃப்ரேமில் விரல்கள் ஒன்றுக்குள் ஒன்று உருகிக் கிடக்கும். வெளுத்த பட்டை இருந்துவிட்டுப் போகட்டும். அந்த ஃப்ளாஷ் அங்கே நிஜமாக எரிந்தது.

இப்போது புதிதாக இரண்டு பதில்கள் வருகின்றன. முதலாவது, மிரர்லெஸ் வந்துவிட்டது, இதெல்லாம் பழங்கதை என்பது. பாதி உண்மை. 2012இல் வந்த 5டி மார்க் 3 வரிசைகளைத் தாண்டாமல் புள்ளிகளைச் சேர்த்துப் படித்து மொய்ரேயைப் பெருமளவு ஒழித்தது. 2017இல் பேனசோனிக் ஜிஎச்5 பத்து பிட் வண்ணத்தைக் கேமராவுக்குள்ளேயே பதிந்தது. 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 3 சென்சார் முழுவதையும் ஒரே நேரத்தில் படித்தது. முன்னேற்றம் எங்கே நடந்தது என்று கவனியுங்கள்: சென்சாரில், படிக்கும் முறையில், பதியும் முறையில். கேமரா செய்பவர்களே கோளாறை அது பிறக்கும் இடத்தில்தான் போய்த் தடுத்தார்கள். புதிய கேமராக்களிலும் அதிவேக ஃப்ரேம் வைத்தால் பல மாடல்கள் மறுபடி வரிசை தாண்டுகின்றன. நம் சிறு ஊர்களில் இன்னமும் செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆரில்தான் பல கல்யாணங்கள் பதிவாகின்றன.

இரண்டாவது பதில் ஏஐ. இது எனக்குக் கவலை தருகிறது. அந்த மென்பொருள்கள் ஃபைலில் இல்லாத நுணுக்கத்தைத் தாமே வரைகின்றன. வேறு எங்கோ பார்த்த படங்களிலிருந்து, இங்கே இப்படி இருந்திருக்கலாம் என்று ஊகித்து நிரப்புகின்றன. மொய்ரே அலையைக் கொடுத்தால் அதைத் துணியின் வடிவம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கூர்மையாக்கித் தருவதைப் பார்த்திருக்கிறேன். பந்தியில் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவின் மங்கலான முகத்துக்கு அது புதுக் கண்ணும் புது மூக்கும் வைக்கும். படம் பளிச்சென்று இருக்கும். அது பெரியப்பா இல்லை. விளம்பரப் படத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். ஒரு வீட்டின் ஆவணத்தில் இதைச் செய்ய யாருக்கும் உரிமை கிடையாது.

இந்தக் கொள்கை இவ்வளவு காலம் நின்றதற்கு ஒரு எளிய காரணம், அதன் செலவு சொல்பவர் தலையில் விழுவதில்லை. கேமராக்காரர் முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார். எடிட்டருக்கு ஒரு கல்யாணத்துக்கு இவ்வளவு என்று பேசிய தொகை. அதில் மாஸ்க் வரையும் ராத்திரிகளுக்குக் கணக்கு இல்லை. அங்கே ஒரு அடி நகர்ந்து நிற்க மறுத்ததை இங்கே ஒருவர் நாள்கணக்கில் கூலியில்லாமல் சுமக்கிறார், அப்படியும் புடவை திரும்பக் கிடைப்பதில்லை.

ஒரு அடி என்று சும்மா சொல்லவில்லை. மொய்ரே என்பது இரண்டு வலைகளின் பொருத்தம். தூரம் கொஞ்சம் மாறினாலும், ஜூமை 50 மில்லிமீட்டரிலிருந்து 60க்குத் திருகினாலும், கேமராவின் கோணத்தைச் சற்றே மாற்றினாலும் பொருத்தம் குலைந்து அலை அடங்கிவிடும், அல்லது கண்ணில் படாத அளவுக்குச் சுருங்கிவிடும். ஃபோகஸை ஜரிகையிலிருந்து முகத்துக்குக் கொண்டுபோனாலே பாதி நேரம் போதும். “முகூர்த்த நேரத்துல இதுக்கெல்லாம் எங்கே நேரம்?” என்பது நியாயமான கேள்வி; அந்த நேரத்தில் செய்யச் சொல்லவும் இல்லை. நம் வழக்கப்படி முந்தின நாள் சாயங்காலமே வரவேற்புக்கு அதே மண்டபத்தில்தான் கேமரா நிற்கிறது. அதே விளக்குகள், அதே மேடை. மறுநாள் கட்டப்போகும் கூறைப்புடவை தாம்பாளத்தில் மடித்து வைத்திருக்கும். பெண்ணின் அம்மாவிடம் கேட்டால் சந்தோஷமாக மேடையில் விரித்துக் காட்டுவார்கள். முகூர்த்தத்துக்கு வைக்கப்போகும் லென்ஸில் பத்து விநாடி பதியுங்கள். கேமராவின் பின்திரையை நம்ப வேண்டாம். அது சின்னது, இருப்பதை ஒளிக்கும், தானே புதிதாக அலை காட்டவும் செய்யும். லேப்டாப்பில் போட்டு நூறு சதவீத அளவில் ஓட்டிப் பாருங்கள். நெளிந்தால் இரண்டடி முன்னும் பின்னும் போய் இன்னொரு முறை எடுங்கள். எங்கே நெளியவில்லையோ அந்த இடத்தில் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு வாருங்கள். காலையில் ட்ரைபாடின் கால் அங்கே நிற்கட்டும்.